ஆறு டப்பா புளியோதரையும் ஒரு ஓட்டும்

என் பொண்ணு ஸ்கூல்ல பாராளுமன்றம் நடத்தினாங்க. ஐரோப்பாவுல பல நாடுங்க சேர்ந்து ஒரே பாராளுமன்றம் வெச்சிருக்காங்களே, அதே மாதிரி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டோட எம்.பி. சீட்டுக் குலுக்கினதுல இவளுக்கு ஒரு குட்டித் தீவு வந்துச்சு. அதுக்கு மொத்தமே ஆறு எம்.பி.தான்.

நான் சும்மா இருப்பேனா? சனிக்கிழமை விடிஞ்சதும் எழுந்து ஆறு டப்பாவுல புளியோதரை கட்டிட்டேன். நம்ம நாட்டுக்காரங்க ஆறு பேரும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடட்டும்னு நெனப்பு. தமிழ்ச் சங்க விழாவுல ஈரோட்டுக்காரங்க ஒரு டேபிள், மதுரைக்காரங்க ஒரு டேபிள்னு பாத்துப் பழகின புத்தி. ஹாலுக்குப் போனா, ஆறு பேரும் மூலைக்கு ஒருத்தரா உக்காந்திருக்காங்க! "அம்மா, அங்க நாட்டு வாரியா உக்கார மாட்டாங்க, கொள்கை வாரியாத்தான்"னா எம் பொண்ணு. அவ பேசறது பூரா இங்கிலீஷ். நான்தான் தமிழாக்கி எழுதறேன். டப்பாவைத் தூக்கிட்டு ஹால் முழுக்க அலைஞ்சேன்.

அன்னிக்கு விவாதம் இதுதான்: வேற தேசத்துலேர்ந்து வந்து வருஷக்கணக்கா குடியிருக்கறவங்களுக்கு, அந்த ஊர்த் தேர்தல்ல ஓட்டு குடுக்கலாமா? இது என் கதையாச்சே! அமெரிக்காவுல, இந்த சான் ரமோன்ல இருபது வருஷமா இருக்கேன். வரி கட்டறேன். கிரீன் கார்டுக்கு இன்னும் வரிசையில நிக்கறேன். இங்க ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல. "பாருங்க, எம் பொண்ணு எனக்காகப் பேசுவா"ன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட பீத்திக்கிட்டேன்.

அவ எழுந்தா. கையில ஒரு கத்தைக் கடுதாசி. தீவு ஜனங்க தங்களோட எம்.பி.க்கு எழுதற மாதிரி டீச்சர் எழுதிக் குடுத்தது.

"எங்க அம்மா இந்த ஹால்லதான் இருக்காங்க. அவங்களுக்கு ஓட்டு இல்ல. என் இஷ்டம்னா இப்பவே கையைத் தூக்கிடுவேன். ஆனா, தீவு சின்னது, வர்ற கூட்டத்துல எங்க குரல் முழுகிடும்னு இந்த ஜனங்க பயப்படறாங்க. என்னை அனுப்பினது அவங்கதான்."

எதிர்த்து ஓட்டுப் போட்டா. தீர்மானம் தோத்துப் போச்சு.

அடிப்பாவி, பெத்தவளுக்கே வெச்சாளே ஆப்புன்னு கொதிச்சேன். ஆனா அவ்வளவு கோவத்துலயும் உள்ள ஒரு பிரமிப்பு. கண்ணால பாக்காத ஜனங்க. அந்தக் கடுதாசியக்கூட டீச்சர் கற்பனையா எழுதினது. அதை ஒரு வாரம் வரிவரியாப் படிச்சு, பெத்த தாய் முன்னாடி நின்னு அவங்களுக்காகப் பேசறாளே! இவ்வளவு நேர்மை இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

போன மாசம் அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. இவ இங்கயே பொறந்தவ, அதனால அமெரிக்கக் குடியுரிமை உண்டு; நிஜமான ஓட்டுச்சீட்டு தபால்ல வீட்டுக்கே வந்துச்சு. கவரைப் பிரிக்காம டைனிங் டேபிள்ல வெச்சுட்டு, நோட்டும் பேனாவுமா என் எதிர்ல உக்காந்தா.

"என்னடி?"

"இந்த வீட்டுல ஓட்டு எனக்கு மட்டும்தான் இருக்கு. அப்போ நீயும் அப்பாவும்தான் என் ஜனங்க." தப்பும் தவறுமா, ஆனா தமிழ்ல சொன்னா. "சொல்லும்மா. இந்த ஊர்ல உனக்கு என்ன வேணும்?"

இருபது வருஷத்துல யாருமே என்னைக் கேக்காத கேள்வி. லைப்ரரிக்குப் போற ரோட்டுல நடக்க வழியே இல்லன்னு ஆரம்பிச்சேன்.

அவ எழுதிக்கிட்டா.