சிவக்கும் முன்னே பறித்த மிளகு

மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில் எங்கள் சரிவில் மிளகு சிவந்து யாரும் பார்த்ததில்லை. சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வீட்டைச் சுற்றி மிளகுக் கொடி, வேலியெல்லாம் மிளகுக் கொடி, ஆனால் பழுத்த மிளகு எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிப்போம். சரத்தில் ஒன்றிரண்டு மணியாவது சிவந்த பிறகுதான் பறிக்க வேண்டும், அப்போதுதான் காய்ந்த பிறகும் கனம் நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சிவக்கிற வரை விட்டால் அது திருடனுக்குத்தான். அதனால் காய் கொஞ்சம் முற்றியதுமே யாராவது ஒருவர் ஏணியைச் சாத்துவார். அவர் பறிக்கிறார் என்று தெரிந்ததும் மறுநாள் அடுத்த தோட்டம். ஒரே வாரத்தில் சரிவு முழுக்க மொட்டையாகிவிடும். காய வைத்தால் சுருங்கிப்போய், தண்ணீரில் போட்டால் மிதக்கும். அந்தச் சப்பை மிளகை மாத்தளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடைக்காரரைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவோம்.

யாரையும் நம்பாமல் பச்சையில் பறிப்பது எங்கள் ஊரில் குற்றமில்லை, பழக்கம். நான் அப்படிப் பறித்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் முக்கால் ஏக்கர் ரயில் பாதைக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் தோட்டமும்தான். எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் கையும் சும்மா இருக்காது. ஒரு நாள் காலையில் சாவு வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழி போனவள், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். என் கொடி ஏறிய மரத்தில் ஒரு பெண் ஏறி நிற்கிறாள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். முதுகில் பழைய ஸ்கூல் பேக். அது நிறைய என் மிளகு.

காலைப் பிடித்து இழுத்து இறக்கினேன். இறக்கிய வேகத்தில் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அவள் அழவில்லை. "அடிங்க நோனா, பொலிசுக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். நோனா என்பது கூலிக்கு வருகிறவர்கள் வீட்டு எஜமானியைக் கூப்பிடுகிற சொல். என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரி வந்தாள். வந்தவளுக்கு இவளைத் தெரிந்திருந்தது. ஏற்கனவே இரண்டு தோட்டத்தில் பிடிபட்டவள், ஓரிடத்தில் மரத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள், பொலிசுக்கும் ஒரு தடவை போய் வந்திருக்கிறாள், உடனே போனை எடு என்றாள். நான் போனை எடுக்கத்தான் போனேன். தற்செயலாக மேலே கொடியைப் பார்த்தேன்.

திருட வருகிறவர்கள் கொடியையே பிடித்து இழுத்து, அறுத்துச் சாக்கில் திணித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்தக் கொடி மறுபடி தலையெடுக்க வருஷக்கணக்காகும். இவள் சரம் சரமாகக் கிள்ளி எடுத்திருந்தாள். ஓர் இலை கிழியவில்லை. அது மட்டுமா, மரத்தை விட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கொடியை வாழை நாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டியும் வைத்திருந்தாள். நான் ஒரு மாதமாகக் கட்ட வேண்டும், கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்த கொடி அது. திருட வந்த இடத்தில் இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். விழுந்துவிடுமே என்று கட்டினேன் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் வா, கூலிக்குப் பறி என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்துத் தோட்டக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிறாய், அனுபவி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்னாலேயே வந்து வேலியோரம் நின்றாள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில், அத்தையோடு இருக்கிறாள். அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவர், தகவல் இல்லை. இவ்வளவுதான் அவள் சொன்னது. ஏன் திருடினாய் என்று நான் கேட்டதே இல்லை. மத்தியானம் சோறு போட்டபோது அவள் சாப்பிட்ட விதத்தைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? என்னை நோனா என்றாள். நோனாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அக்கா என்று கூப்பிடு என்று அதட்டினேன்.

சாயங்காலம் போகும்போது, நான் கேட்காமலே, பேக்கைத் தலைகீழாக என் முன்னால் உதறிக் காட்டுவாள். தினமும் இதே கூத்து. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் இரண்டு மூன்று வாரம் நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. உதறாதே, தூசி பறக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அவள் பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு உதறவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது.

அடுத்த பறிப்புக் காலம் வந்தது. சரிவில் முதல் ஏணி ஏறிவிட்டது. நானும் கூடையை எடுத்தேன். அவள் தடுத்தாள்.

"நம்ம பழுக்க விடுவோம்க்கா. நான் பாத்துக்கிறேன். கள்ளனுங்க ராத்திரியில வர மாட்டானுங்க, இருட்டுல சரம் தெரியாது. நம்ம சாவு வீட்டுக்கு, கோயிலுக்குப் போற நேரம் பாத்துத்தான் வருவானுங்க. எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊரே பறித்து முடித்து, என் தோட்டம் மட்டும் காயோடு நின்றது. எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கிழக்கு வெளுக்கும்போது வந்து இருட்டுகிறபோதுதான் போனாள். நான் எங்காவது கிளம்பினால் தோட்டத்தை விட்டு ஓர் அடி நகர மாட்டாள். மூன்றாவது வாரம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு சரத்தில் ஒரே ஒரு மணி சிவந்திருந்தது. நாற்பத்தைந்து வயதில் என் தோட்டத்தில் நான் பார்த்த முதல் சிவந்த மிளகு. கண் கலங்கிவிட்டது எனக்கு.

மாத்தளைக் கடைக்காரர் ஒரு பிடி அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டார். எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளை காவல் காத்தது என்றேன். பக்கத்தில் நின்றவள் காதில் அது விழுந்தது.  அந்த நேரத்து அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டக்காரியே தன் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். கள்ளி என்று சொன்ன வாயெல்லாம் பிள்ளை, பிள்ளை என்றது. இப்படி இரண்டு வருஷம்.

மூன்றாவது வருஷம் காய் முற்றி வரும் நேரம். பாத்திரம் கழுவிக்கொண்டே, கொடிக்கு அடியில் தரையில் படர்கிற தண்டில் நாலைந்து வேண்டும், லயத்துக்குப் பின்னால் நட வேண்டும் என்று கேட்டாள். மழை வரட்டும், எடுத்துக்கொள் என்றேன். அது வாயிலிருந்து வந்த பதில். என் மனதில் பதியவே இல்லை.

ஒரு மாதம் கழித்து என் தங்கைக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். நான் போய்த்தான் ஆக வேண்டும். மிளகு இன்னும் பத்து நாளில் சிவந்துவிடும். தோட்டத்தை அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்துத் தோட்டக்காரியின் போன்.

"ஒன் புள்ள பாரமா ஒரு சாக்கத் தூக்கிக்கிட்டு எல்கடுவ பஸ்ல ஏறிட்டா. நான் என் கண்ணால பாத்தேன். புத்தி எங்க போகும்?"

பிள்ளைக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. மறுபடி எடுத்தேன். இல்லை. எல்கடுவ மலையில் பாதி நேரம் சிக்னல் கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? தங்கை மயக்கத்தில் கிடக்கிறாள், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, கூலிக்குப் பறிக்கிற பெண்களைப் போனில் கூப்பிட்டு, இன்றைக்கே எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள், பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை என்று கத்தினேன். மூன்று வருஷம் பார்த்த பிள்ளையை விட்டுவிட்டு ஒரு போனை நம்பினேன். எடுப்பார் கைப்பிள்ளையாகிவிட்டேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தபோது கொடிகளெல்லாம் மொட்டை. முற்றத்தில் படங்குத் துணி விரித்து மிளகைக் குவித்திருந்தார்கள். அத்தனையும் பச்சை. கடைசி மரத்தில், ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தது அவள்தான். மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள் என்று பறிக்கிறவர்கள் சொன்னார்கள். ஏணிகளைப் பார்த்ததும் யார் பறிக்கச் சொன்னது என்று கேட்டாளாம். நான் சொன்னதாகச் சொன்னார்களாம். பிறகு அவளும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம்.

இறங்கி வந்தவளிடம், சாக்கில் என்ன கொண்டு போனாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். தூ, நானும் ஒரு மனுஷி.

"தண்டுக்கா. எடுத்துக்கன்னு சொன்னீங்களே. காலையில மழை பேஞ்சுச்சு, இன்னைக்கு நட்டாத்தான் வேர் புடிக்கும்னு ஈரச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனேன். நட்டுட்டு அடுத்த பஸ்லயே வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அந்த இடத்தில் அவள் காலில் விழுந்திருந்தாலும் தகும். நானோ, சொல்லிவிட்டுப் போவதற்கு என்ன என்று அதையும் கோபமாகவே கேட்டேன். தப்புச் செய்தவளுக்குத்தானே சத்தம் அதிகம். அவள் கையிலிருந்த மிளகைக் குவியலில் போட்டாள்.

"அன்னைக்கு நீங்க அடிச்சப்ப நான் திருடியிருந்தேன்க்கா. அதனால வலிக்கல."

சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், வரவில்லை. நானே எல்கடுவ போனேன். லயத்துக்குப் பின்னால், மரத்துக்கு ஒன்றாக நான்கு தண்டு நட்டு, வெயில் படாமல் இலை சாத்தி வைத்திருந்தாள். எனக்கு உட்காரக் கதிரை போட்டாள், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். ஒரு குறை வைக்கவில்லை. தப்பு என்மேல்தான், வா என்று கூப்பிட்டேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க நோனா. ஒங்க தோட்டம், நீங்க பறிச்சீங்க. எனக்கு இனிமே வர ஏலாதுங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டாவது கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அடுத்த மாதமே கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே நல்ல பெயராம், ஸ்டோர் சாவியே அவளிடம்தான் இருக்கிறதாம். அவள் திருந்தி எவ்வளவோ நாளாகிவிட்டது. நான்தான் பழைய ஊர்க்காரியாகவே இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பச்சையில் பறித்ததில்லை. காவலும் இல்லை. நான் வெளியே போகிற நாள் பார்த்து வந்து பாதியைக் கொண்டு போகிறார்கள், கொடியையும் அறுத்துவிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. நான் அவளோடு பேசுவதில்லை.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் பிள்ளையின் அத்தை பஸ் பிடித்து இறங்கி வந்தார். மடியிலிருந்து ஒரு பேப்பர்ப் பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த நான்கு கொடியும் முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது. சிவந்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தாளாம். லயத்துப் பிள்ளைகள் நாள் முழுக்க அந்த இடத்தில்தான் விளையாடுகிறார்கள், ஒன்றுகூட ஒரு மணியைத் தொடவில்லையாம். முதல் மிளகைத் தண்டு கொடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

என்ன சொல்லிக் கொடுக்கச் சொன்னாள் என்று கேட்டேன்.

"நோனாகிட்டக் குடுத்துருங்கன்னு சொன்னுச்சு."

அக்கா என்று சொல்லவில்லையா என்றேன். அந்த அம்மாவுக்கு நான் கேட்டது புரியவில்லை. கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்.

"இல்லீங்களே. நோனான்னுதான் சொன்னுச்சு."

அவரைச் சாப்பிட வைத்து அனுப்பினேன். பிறகு ஒரு பிடி மிளகை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். ஒன்றுகூட மிதக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதேன்.