தூதர் மூன்று தட்டு சாப்பிட்ட நண்டுக்கறி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். நான் தமிழ் படித்தது ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான்.

பதினொரு வயதில் அப்பாவோடு ஒக்லாந்துக்கு வந்தேன். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில் காத்திருந்தார். நாங்கள் ஹில்ஸ்பரோவில், அம்மாவின் தம்பியான மாமாவின் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருட ஆங்கிலம் ஏறியிருந்தது. விடுமுறை நாட்களில் அப்பாவின் வாய் நான்தான்.

அப்படியொரு விடுமுறையில், பக்கத்துத் தெருவில் குடியிருந்த சீனத் துணைத்தூதர் ஒருவரின் வீட்டில் வேலை கிடைத்தது. எங்களுக்கு அவர் தூதர்தான். நடைச்சுவர் முழுக்கப் படங்கள். அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்தார். மிகப் பழைய படத்தில் அவர் மெலிந்த இளைஞர். இரண்டு பெரிய மனிதர்களுக்கு ஓர் அடி பின்னால், வாய் பாதி திறந்தபடி நின்றார். அடுத்தடுத்த படங்களில் வேறு நாடுகள், வேறு கொடிகள். தலைமுடி குறையக் குறைய அவர் முன்வரிசைக்கு வந்தார். கடைசிப் படத்தில் அவர் நடுவில் அமர்ந்திருக்க, பின்னால் வேறோர் இளைஞன் வாயைத் திறந்தபடி நின்றான்.

பழைய படத்தைக் காட்டி, ஏன் வாய் திறந்திருக்கிறது என்று கேட்டேன். “அப்போது நான் மொழிபெயர்ப்பாளன்,” என்றார். “உன்னைப் போல.”

தூதர் வீட்டில் வேலை என்று கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அத்தான், உவர் ஒரு கடிதம் குடுத்தா இமிகிரேசன்காரன் எழும்பி நிண்டு முத்திரை குத்துவான்.”

“அவர் சீனாக்காரரடா. இது நியூசிலாந்து.”

“பெரிய ஆள் எண்டா எங்கயும் பெரிய ஆள்தான். முதல்ல சாப்பாட்டைக் குடுங்கோ, பிறகு கேளுங்கோ.”

ஊரில் ஆள் பிடிக்காமல் எந்த அரசாங்கக் கந்தோரிலும் காகிதம் அசைந்ததில்லை. அந்தப் பழக்கம் எங்களோடு விமானம் ஏறி வந்திருந்தது.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். புட்டும் நண்டுக்கறியும் வைத்தோம். காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து அம்மாவின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, அம்மாவைக் கூப்பிட ஒரு கடிதம் தருவாரோ எண்டு கேளப்பு.”

அப்பாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு முகம் சுட்டது. வாயைத் திறந்தேன். “இன்னும் நண்டு வேண்டுமா என்று அப்பா கேட்கிறார்,” என்றுதான் ஆங்கிலத்தில் வந்தது.

தூதர் படத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை.

“யெஸ்,” என்றார்.

அப்பாவுக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

“எப்ப தருவாராம்? கேளன் மருமோன்!” என்று மாமா என் தொடையில் இடித்தார்.

புட்டும் வேண்டுமா என்று கேட்டேன். அதற்கும் யெஸ். மூன்றாம் தட்டில் அவர் நெற்றி வியர்த்து, விரல்கள் மெதுவாகின. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “நண்டு மிக நன்றாக இருந்தது என்று அப்பாவிடம் சொல். இதையாவது அப்படியே சொல்.”

அப்படியே சொன்னேன். ‘இதையாவது’ என்றதை மட்டும் விட்டுவிட்டேன்.

கடிதம் வரவில்லை. சில மாதங்களில் அவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தது. அடுத்த வருடம், வரிசையில் அம்மாவின் முறை வந்தபோது விசாவும் வந்தது. அது சீனத் தூதரின் வேலைதான் என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். இரண்டு பெரியவர்களை ஏமாற்றிவிட்டேன் என்று நான் பல வருடம் பயந்துகொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் ஏமாறவேயில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. கொடுக்க அவரிடம் கடிதம் இல்லை. இல்லை என்பதை ஒரு மகனின் வாயால் அப்பாவுக்குச் சொல்லவைக்காமல், சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இன்று மத்தியானம் நண்டு சாப்பிடும்போது அப்பா அந்தக் கதையை மறுபடி எடுத்தார். “நீதானே தம்பி கேட்டனி?”

“ஓம் அப்பா,” என்றேன். அம்மா எனக்கு இன்னொரு நண்டு வைத்தார்.

ஞாயிறு, 18 ஆவணி 2024