ஏரியைப் பார்த்து நின்ற பாலம்

‘ஆகஸ்ட் 1997. டர்ன்டேபிள் பொருத்தியாயிற்று. இடம்: தேவகி சொன்னபடி. ஆதாரம்: இல்லை.’

போன வாரம் அலமாரியின் மேல்தட்டை ஒழித்தபோது, ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் இந்தச் சீட்டு ஒட்டியிருந்தது. கையெழுத்து என்னுடையதுதான். எதை எழுதினாலும் தேதி போட்டு, எப்படித் தெரிந்தது என்பதையும் கீழே குறிப்பது என் வழக்கம். குடை வாங்கிய நாளைக்கூடக் குறித்துவைப்பவன் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அது பொய்யில்லை. டப்பாவுக்குள் ஒரு சாண் நீளத்தில் தகரப் பாலம் ஒன்று, அதன்மேல் இரண்டு தண்டவாளத் துண்டுகள். திறந்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. அதற்குப் பின்னால், இத்தனை வருஷம் கழித்து இருக்க நியாயமில்லை, ஆனாலும் கொஞ்சம் உப்புக்காற்று.

அந்த வாசனை என்னைச் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குடியிருப்புக்குக் கொண்டுபோனது. சங்கரபாண்டியன் வீட்டுக் கூடம். அவரும் நானும் அணுமின் நிலையத்தில் ஒரே பிரிவில் கருவிகளைப் பார்த்துக்கொண்டோம். அவர் திருநெல்வேலிக்காரர். மற்றவர்கள் சோபா போட்ட இடத்தில் அவர் நான்கு கால் வைத்த ஒரு பெரிய பலகையைப் போட்டு, செங்கல்பட்டு ரயில் நிலையத்தைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தார். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். மத்தியானங்களில் அலைச் சத்தத்தில் அந்தப் பொம்மை நிலையமே தூங்கிவழிவதுபோலத் தோன்றும்.

செங்கல்பட்டு அவர் மனைவி தேவகியின் ஊர். அங்கே ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா எஞ்சின் டிரைவர். தேவகி பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே அவர் இறந்துவிட்டார். அப்பாவைப் பற்றித் தேவகிக்கு இருந்தது ஒரே ஒரு ஞாபகம். நீராவி எஞ்சினை ஏற்றி முகம் திருப்புகிற வட்டப் பாலத்தில், அதுதான் டர்ன்டேபிள், அப்பா தோளில் உட்கார்ந்து சுற்றியது.

“ஆளுங்க கட்டைய வெச்சித் தள்ளினு வருவாங்க. பாதியில மூச்சு வாங்க நிப்பாங்க. அப்போ எதுத்தாப்ல ஏரி. அப்பால திரும்பனா மலை.”

அவருடைய அண்ணன் மோகன் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். “செங்கல்பட்டுல ஏதுடி டர்ன்டேபிள்? அது விழுப்புரம். ஏரிய ரயில்லேர்ந்து பாத்திருப்ப. ரெண்டையும் சேத்துக்கினு பேசுற.”

அண்ணன் சொல்வது சரியென்றால், அப்பாவுடன் இருந்த அந்த ஒரு நாளும் தேவகிக்கு இல்லை. பலகையில் டர்ன்டேபிள் வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குள் இருந்தது இதுதான். சங்கரபாண்டியன் என்னிடம் பொறுப்பைத் தள்ளினார். “வே, தேதி தேதின்னு சாவுதீரே, ஒரு ஆதாரத்தைக் கண்டுபிடியும்.” பழைய கால அட்டவணைகள், நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போட்டு ஓய்வுபெற்ற இரண்டு ஃபயர்மேன்கள் என்று பார்த்தேன். ஒருவர் இருந்தது என்றார். மற்றவர் சிரித்தார்.

கடைசியில் சங்கரபாண்டியன், “அவ சொன்னா இருந்துச்சு, அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டார். அப்புறம்தான் எதை வாங்குவது என்ற பேச்சு. வெளிநாட்டிலிருந்த அவர் தம்பி ஒரு வண்ணப் பட்டியல் அனுப்பினார். மோட்டார் வைத்தது, பொத்தானை அழுத்தினால் தானே சுற்றும், எந்தத் தண்டவாளத்துக்கு நேரே சொல்கிறோமோ அங்கே பிசகாமல் நிற்கும். நாங்கள் இருவரும் அதில் மயங்கிக்கிடந்தோம். தேவகி பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“நடுவுல நிக்குமா?”

நிற்காது. தண்டவாளம் இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

“அப்ப வேணாம்.”

ஆகவே கையால் தள்ளுவதையே நாங்களே செய்தோம். பாலம் சுற்றும் குழிக்குத் தேவகியின் முறுக்கு டின் மூடி. எஞ்சினைவிட ஒரு விரல் அகலம் கூடுதல், அளவெடுத்ததுபோல. மூடியில்லாத டின்னில் அந்தத் தீபாவளி முறுக்கு நமுத்துப்போனது வேறு கதை. நடு அச்சுக்குச் சதுரங்கப்பட்டினத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு சின்ன பேரிங். எங்கள் வேலையிடத்தில் ஒரு வால்வைத் திறக்கவும் ஒருவர் படிக்க, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் கூடத்துக்கும் வந்துவிட்டது. சங்கரபாண்டியன் ஒவ்வொரு ஒயராகப் படித்தார், நான் தொட்டுப்பார்த்துத் திருப்பிச் சொன்னேன். எல்லாம் சரி. எஞ்சினை ஏற்றி, பாலத்தை அரை வட்டம் திருப்பி, எதிர்த் தண்டவாளத்தில் சேர்த்தோம். டப்பென்று மின்சாரம் போய்விட்டது. அரை வட்டம் திரும்பினால் இடது தண்டவாளம் வலது ஆகும், ப்ளஸ் மைனஸ் மாறி மோதும் என்பதை மட்டும் யாரும் படிக்கவுமில்லை, திருப்பிச் சொல்லவுமில்லை.

வாசலில் நின்ற தேவகி கேட்டார். “இன்னாங்க, ஆபீஸ்லயும் இப்டித்தான் செய்றீங்களா?”

“அங்க இவரு கையெழுத்துப் போடுவாருல்லா, பயமில்ல” என்று சங்கரபாண்டியன் என்னைக் காட்டினார்.

ஒரு சின்ன சுவிட்சை வைத்து அதைச் சரிசெய்தோம். இனி குழியை எந்த இடத்தில் பதிப்பது என்பதுதான். தேவகி பாய் விரித்து முட்டிபோட்டு, முகவாயைப் பலகையின் விளிம்பில் வைத்துக்கொண்டார். செங்கல்பட்டின் கொளவாய் ஏரிக்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் தட்டை சங்கரபாண்டியன் பிடித்துக்கொண்டார். நான் மூடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பாலத்தை விரலால் தள்ளினேன். ஜன்னல் வெயில் தட்டில் பட்டுக் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம். மெதுவா. நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.

“இங்கதான்.”

பென்சிலால் வட்டம் போட்டோம். சீட்டையும் அன்றைக்குத்தான் எழுதி, பலகையின் அடியில் ஒட்டினேன். மோகன் தீபாவளிக்கு வந்தபோது குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “ஏரி சரியாத்தான் கீது” என்றார்.

ஓட்டி முடித்ததும் பாலத்தைத் தண்டவாளத்துக்கு நேராக வைத்துவிட்டுத்தான் சங்கரபாண்டியன் எழுவார். மறுநாள் போனால் அது ஏரியைப் பார்த்து நிற்கும். கூடம் பெருக்கும்போது தேவகி திருப்பிவிடுவது. இதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்கள் திருநெல்வேலி போயிருந்தார்கள். மேட்டுப்பக்கம் குடியிருந்த நான்தான் அந்த வீட்டைத் திறந்தேன். பலகை சுவரோரம் ஒதுங்கி, உப்பி, தாள் தாளாகப் பிரிந்திருந்தது. நிலையம் இல்லை. சீட்டு மட்டும் மை கலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முறுக்கு டின் மூடி நிறைய மணல். அந்த மணல் பாலத்தை அசையவிடாமல் பிடித்திருந்தது, ஊருக்குக் கிளம்பிய அன்று தேவகி வைத்துவிட்டுப் போன திசையிலேயே.

தொலைபேசியில் வீட்டைப் பற்றியெல்லாம் அவர் கேட்கவில்லை. “அது எந்தப் பக்கம் பாத்துகினு கீது?” என்றார்.

“ஏரிப் பக்கம்” என்றேன்.

அவர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாலத்தை, “உங்ககிட்டயே இருக்கட்டும், பத்திரமா வெப்பீங்க” என்று தேவகி சொல்லிவிட்டார். சீட்டைப் பலகையிலிருந்து உரித்து ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒட்டி, பாலத்தை உள்ளே வைத்தேன். செங்கல்பட்டில் மீட்டர்கேஜ் தண்டவாளமும் அந்த ஆண்டுகளில்தான் போனது. டப்பாவைக் கண்டெடுத்த மறுநாள் நான் அங்கே போயிருந்தேன். நடைமேடையின் கடைசியில், ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில், சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பள்ளம் இருக்கிறது. வட்டமாக இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியது ஆதாரம் ஆகாது. செங்கல்பட்டில் டர்ன்டேபிள் இருந்ததா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.