அம்மா இல்லாத நேரத்து வாசிப்பு

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாசிப்பு வராத பிள்ளை புத்தகத்தைத் தொடாது, தொடாத பிள்ளைக்கு வாசிப்பு வராது என்று பெற்றோர் கூட்டங்களில் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். என் மகளோ நாலாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். கண்டக்குழி சின்ன ஊர். சிரிக்க மாட்டார்களா?

வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். புத்தளத்துக்குப் போகும்போதெல்லாம் கதைப் புத்தகம் வாங்கி வந்தேன். பின்னேரம் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்வேன். அவள் முதல் எழுத்தில் நிற்கும்போதே எனக்குப் பொறுக்காது; முழுச் சொல்லையும் நானே சொல்லிவிடுவேன். மூன்றாவது வரியில் அவளுக்குத் தலையிடி வந்துவிடும். புத்தகங்கள் அலுமாரியில் கசங்காமல் கிடந்தன.

ஒரு நாள் பாடசாலைக் கூட்டம் வேளைக்கே முடிந்து வீட்டுக்கு வந்தேன். பின்வளவில் அவள் குரல் கேட்டது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த என் கணவருக்கு அவள் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் சிலாபம் பக்கம் சிங்களத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்துத் தெரியாது.

திக்கித் திக்கித்தான் வாசித்தாள். ஒரு சொல்லைப் பிழையாகவும் வாசித்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற என் வாய் துறுதுறுத்தது.

"பிறகு?" என்றார் அவர்.

"நில்லுங்க அப்பா, கதை சரிவருதில்ல." அவளே அந்த வரிக்குத் திரும்பிப் போனாள். இந்தமுறை சரியாக வாசித்தாள்.

"ஓம், பிறகு?"

பாதிப் புத்தகம் தாண்டியிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய், "நீயா வாசிக்கிறாய்!" என்றேன். அவள் பட்டென்று புத்தகத்தை மூடினாள்.

"அம்மாக்கும் வாசிச்சுக் காட்டு மகள்," என்றார் அவர்.

"அம்மாக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அன்றைக்குச் சுட்டது இன்னும் ஆறவில்லை.

இப்போது நாலு மணியானால், அவர்கள் வாசிக்கட்டும் என்று நான் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன். கழுவின சட்டியையே திரும்பவும் கழுவுகிறேன். முதலில் அவள் எங்கே பிழை விடுகிறாள் என்றுதான் காது நீண்டது. பிறகு வேறு தவிப்பு: கதையில் கடலுக்குத் திரும்பிப் போன ஆமைக்கு என்ன ஆனது? காற்று பாதிக் கதையைக் கொண்டுபோய்விடுகிறது. புத்தகத்தை வாங்கி வந்தவள் நான். ஒரு பக்கம்கூட வாசித்துப் பார்த்ததில்லை.

நேற்றுச் சோறு போடும்போது, ஆமைக்கு என்ன ஆனதென்று அவரிடம் கேட்டேன்.

"மகள்ட்ட கேளு," என்றார்.

அவள் பக்கத்தில்தான் இருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை.