நிஜாமின் ரெஸ்யூமில் என் நம்பர்

போன வாரம் அலுவலகத்தில், வேலைக்கு ஆள் எடுக்கும் எங்கள் பிரிவில், என் கணினித் திரையில் இரண்டு விண்ணப்பங்கள் சிவப்புக் குறியோடு நின்றன. இருவரும் நம் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள். ஐ.டி. முடித்துவிட்டு முதல் வேலை தேடுகிறவர்கள். பெயர் வேறு, ஊர் வேறு, போன் நம்பர் மட்டும் ஒன்று. ஒருவன் மற்றவனுடையதைக் காப்பியடித்துவிட்டு நம்பரை மாற்ற மறந்திருக்கிறான். பக்கத்து இருக்கைப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மணமேல்குடி பிரௌசிங் சென்டர்தான் ஞாபகம் வந்தது. உள்ளே சூடான பிரிண்டர் வாடை, வெளியிலிருந்து கருவாட்டு வாடை. இரண்டும் கலந்து என் ரெஸ்யூமில் ஒட்டிக்கொண்டுதான் சென்னைக்கே போயிருக்கும். எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே ரெஸ்யூம். யாரோ ஒரு சீனியர் செய்தது, பென் டிரைவில் கைமாறிக்கொண்டே வரும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் அவர் செஸ் என்று போட்டிருந்தார். அதனால் நாங்கள் எல்லோருமே செஸ் ஆடுகிறவர்கள் ஆனோம். எனக்குக் குதிரை எப்படி நகரும் என்று இன்றுவரை தெரியாது.

என்னிடமிருந்து வாங்கியவன் நிஜாம். கோட்டைப்பட்டினத்துக்காரன், என்னைவிட நன்றாகப் படித்தவன். வேலை கிடைக்கும்வரை என்று அவன் அத்தாவோடு மீன்பிடி போட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். பெயரை மாற்றினான், மார்க்கை மாற்றினான். நம்பரை விட்டுவிட்டான்.

ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"நிஜாமுதீன்ங்களா? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இன்டர்வியூ. சென்னை வந்துருவீங்கள்ல?"

நான் அவன் சிநேகிதன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் அதே கிளாஸ்தாங்க மேடம். நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேருமே வாங்க. எடுக்கப்போறது ஒருத்தரத்தான். அவர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

நிஜாம் அன்று கரையில்தான் இருந்தான். அவன் நம்பர் எனக்கு மனப்பாடம். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அவன் வீட்டு வாசல். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். "நிஜாமும் வாரானா?" என்று அம்மா கேட்டாள். "அவனுக்கு வேற எடத்துல வந்துருக்கும்மா" என்றேன். அவ்வளவு சரளமாக நான் அதற்கு முன் பொய் சொன்னதில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. செய்தி கேட்டு நிஜாம் ஒரு பை நிறைய இறாலோடு வீட்டுக்கு வந்தான். அம்மாவிடம், "எல்லாக் கம்பெனிக்கும் போட்டுட்டேம்மா, ஒரு போன்கூட வரல. எனக்கு அம்புட்டுதான் போல" என்றான். நான் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வர வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த இறாலைச் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது, அவன் பென் டிரைவைக் கேட்டு வாங்கி, அவனுக்குத் தெரியாமல் நம்பரைத் திருத்தி வைத்தேன். அதற்குள் அவனுக்கு விசா வந்திருந்தது. இப்போது வளைகுடாவில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிறான். போன வருஷம் லீவில் வந்தபோதும் தன் மகனிடம் என்னைக் காட்டி, "மாமா மூளைக்காரரு. அத்தாவ ஒரு கம்பெனியும் கூப்பிடல" என்றான். அவன் அதை நம்பியே இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டான். நான் அப்போதும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த இரண்டு பையன்களையும் கூப்பிடலாம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் கணினி இருவருக்குமே வருந்துகிறோம் என்று மெயில் அனுப்பிவிட்டிருந்தது. சிநேகிதனிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற குரல் இனி யாருக்கும் வராது. எனக்கு வந்தது. சரிங்க மேடம் என்றுதான் சொன்னேன்.