சுவருக்கு அந்தப் பக்கத்து ஜெபம்

என் மனைவி கடவுளிடம் பேசும் தமிழ் வேறு, என்னிடம் பேசும் தமிழ் வேறு. கடவுளுக்கு ‘தாரும்’, ‘காத்தருளும்’. எனக்கு, “பாலை அடுப்புல வச்சிட்டு எங்க பராக்கு பாக்குதீங்க?” பம்பாய் செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பெயருக்கு ஒரு சுவர் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அவள் அடுப்பைப் பற்றவைப்பாள், கூடவே ஜெபத்தையும் ஆரம்பிப்பாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்தாறு வருடம் இப்படித்தான் போயிற்று. பேப்பர் படித்தேனோ இல்லையோ, ஜெபத்தை ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை.

நான் பதினேழு வயதில் சாமியை விட்டவன். மாட்டுங்காவில் அப்பா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என்னை வாசலில் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டுப் போவார். உலகத்தையே காக்கிறவர் வீட்டு வாசலில் செருப்புக்கு எதற்கு ஆள் என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்கு விட்டதுதான். பிறகு அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வரும் வேலை கிடைத்தது. அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. ஓய்வுபெறும்வரை அதையே செய்தேன். எதையும் சோதிக்காமல் நம்பாதவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு கர்வம் உண்டு.

அவள் தாராவியில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண். பிறந்தது பம்பாய் என்றாலும் பேச்சு அச்சு அசல் தூத்துக்குடிப் பக்கம். ழகரம் வாயில் நுழையாது, மழை அவளுக்கு மளைதான். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா சம்மதித்ததே ஒரு கணக்கில்தான். “வேற சாமி கும்பிடுதவன்னா மாத்தணும். இவன் காலிப் பாத்திரம், ரொப்பிக்கிடலாம்” என்றாராம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், பாத்திரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் விடவில்லை. தினமும் ஜெபத்தில் எனக்கென்று ஒரு வரி வரும்: “என் வீட்டுக்காரர் கண்களைத் திறந்தருளும்.” நான் கூடத்திலிருந்தே, “கண்ணு திறந்துதான் இருக்கு, கண்ணாடி நம்பர்தான் மாத்தணும்” என்பேன். “ஜெபத்துல குறுக்க பேசாதீங்க” என்று பதில் வரும்.

இந்த ஊரில் எல்லாப் பேச்சும் ‘பக்கா’வில்தான் முடியும். மீன் புதுசா என்றால் பக்கா, ப்ளம்பர் நாளைக்கு வருவானா என்றால் பக்கா. அவளும் அப்படித்தான். “ஆண்டவர் செய்வார், பக்கா” என்பாள். நானும் சளைத்தவன் இல்லை. “அங்க ஒருத்தரும் இல்ல, பக்கா” என்பேன். இரண்டு பக்காக்களோடு வீடு சந்தோஷமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். போன வருடம் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஆனது. ஓய்வுபெற்ற ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் கூட்டிக்கொண்டு போய்வருவது என் பொறுப்பு. என் மனைவி தன் பங்குக்கு வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக, “ஆண்டவர்ட்ட இருந்து வார்த்தை கெடச்சிட்டு. அவ பொளைச்சிருவா, பக்கா” என்றாள். அதைத் தங்கையிடமும் போய்ச் சொன்னாள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சொன்னாள்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. இதயமும் தளர்ந்துவிட்டது, அதிக நாள் தாங்காது என்றார். தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், பிள்ளைகளிடம் பேசவேண்டியதைப் பேசிக்கொள்வாள் என்றேன். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒங்க அவிசுவாசத்தக் கொண்டுபோய் அவ படுக்கையில போடாதீங்க” என்றாள்.

அடுத்த வாரம் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது தங்கையே கேட்டாள். “அத்தான், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் ஒங்ககிட்ட கேக்கேன். நான் பொழைப்பேனா?”

“பொழைச்சிருவே. பக்கா” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “ஒங்களுக்குப் பொய் சொல்லவே வரல அத்தான். எனக்குத் தெரியும். பெரியவட்ட எல்லாம் பேசிட்டேன், சின்னவள அவ பாத்துக்கிடுவா. ஆனா எனக்குத் தெரியும்னு அக்காட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவ நம்பிக்கிட்டே இருக்கட்டும்.” சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அவள் போய்விட்டாள்.

மனைவியிடம் நான் சொன்னதுதான் நடந்தது. எங்கள் இருபத்தாறு வருட வாக்குவாதத்தில் நான் ஜெயித்த ஒரே இடம் அது. அதில் தோற்றிருக்கலாம்.

அடக்கம் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள், சமையலறையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது, ஜெபம் இல்லை. துக்கம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் சர்ச்சுக்குக் கொண்டுபோய் விடுவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவாள், பாடுவதில்லை. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நான் அவள ஏமாத்திட்டேங்க. பொளைச்சிருவே, பொளைச்சிருவேன்னு சொல்லிச் சொல்லி, பெத்த பிள்ளைகள்ட்ட ஒரு வார்த்தை சொல்ல விடாம அனுப்பிட்டேன்.”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லவில்லை. இறந்துபோனவள் எங்கேயும் இல்லை என்பது என் கட்சி. இல்லாத ஒருத்திக்குக் கொடுத்த வாக்கை மீறினால் யார் கேட்கப் போகிறார்கள்? இருந்தாலும் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கை ஞாபகம் வந்தது. இதை எவனாவது பக்தன் செய்திருந்தால் நானே கிண்டல் செய்திருப்பேன். அதைவிடப் பெரிய விஷயம், எனக்குப் பயமாக இருந்தது. அவள் நம்பிக்கையை நான் சீண்டிக்கொண்டே இருந்தது, அது எங்கும் போய்விடாது என்ற தைரியத்தில்தான். இப்போது காலையில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஏழாவது மாதம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எங்கள் முறை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் தாராவியிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் எட்டு ஒன்பது பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல டீ என் வேலை. கடைசி ஜெபத்தை வீட்டுக்காரி சொல்லவேண்டும் என்பது அவர்கள் முறை. எல்லோரும் முக்காடு போட்டுக் கண்ணை மூடினார்கள். என் மனைவி, “அன்பின் பரலோகப் பிதாவே” என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

மேலே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற எனக்கு அவள் கை தெரிந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் எழுந்து உள்ளே ஓடிவிடுவாள் என்று தோன்றியது. தட்டைக் கீழே வைத்தேன்.

“இம்மட்டும் எங்களைக் காத்து நடத்தின தயவுக்காக ஸ்தோத்திரம்” என்றேன்.

ஒன்றிரண்டு கண்கள் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டன. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் ராகம் உட்பட எல்லாம் தானாக வந்தது. ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போய்வரும் சபைப் பிள்ளைகளைக் காத்தருளும் என்றேன். தாயில்லாத இரண்டு பெண்களுக்கும் துணையாயிரும் என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். என் வரி வந்தது. அதை மட்டும் விட்டால் திருட்டுத்தனம் என்று பட்டதால், “என் வீட்டுக்காரர் கண்களைத் திறந்தருளும்” என்று அப்படியே சொன்னேன். ஒரு அம்மா மிகப் பலமாக ஆமென் போட்டார். கடைசி வரிக்கு வந்தேன். “எங்களை முழுவதும் தாளித்து உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. காதில் விழவில்லை போல என்று இன்னும் சத்தமாக, “முழுவதும் தாளித்து” என்றேன்.

என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போனேன். நிமிர்ந்தால், சிரிக்கிறாள். “தாளிச்சு இல்லங்க. தாள்த்தி! தாள்த்தி!”

“அதைத்தானே நானும் சொல்றேன்?”

“அண்ணாச்சி, தாழ்மை, தாழ்மை. நம்மளத் தாழ்த்தி” என்று ஆண்டாப் ஹில் அம்மா விளக்குவதற்குள் கூட்டம் முழுக்கச் சிரிப்பில் விழுந்துவிட்டது. என் மனைவியின் ழகரமும் அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தமும் சேர்ந்து இருபத்தாறு வருடமாக என் காதில் தாளித்துக்கொண்டிருந்திருக்கின்றன. கடவுளிடம் வெறும் ஆளாகப் போகாமல் கொஞ்சம் மணமாகப் போவதுதான் இவர்கள் வழக்கம் என்று நான் அதற்கு ஒரு விளக்கம்கூட வைத்திருந்தேன். எதையும் சோதிக்காமல் நம்பாத ஆள் நான்.

எல்லோரும் போனபின் அவள் டம்ளர்களைக் கழுவ நின்றாள். சிரிப்பு அடங்கி அழுகை வந்திருந்தது. “எனக்கு வரலங்க. பிதாவேன்னு சொன்னதும் அவ முகந்தான் வருது. பொய் சொல்லி அனுப்பினவதானே நான்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாக்கை மீறினேன். தங்கை கேட்டது, நான் பக்கா என்றது, அவள் சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே டம்ளரை விளக்கிக்கொண்டே கேட்டாள்.

“பெரியவட்ட பேசிட்டாளா?”

“பேசிட்டா.”

“அப்ப, நான் சொன்னப்பல்லாம் தலையாட்டுனது?”

“உனக்காகத்தான்.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீங்களா பொய் சொன்னீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். ஈரக் கையால் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “ஏளு மாசம்! ஏளு மாசம் என்னைய இப்படி விட்டுட்டு நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.” வலித்தது. வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்து மிச்சத்தையும் கெடுத்துவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு டம்ளர் டீயோடு கூடத்துக்கு வந்தாள். என் கையிலிருந்த பேப்பரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்கு இன்னும் வரல. இனிமே வருமான்னும் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்.”

“நம்பாதவன் சொன்னா அது ஜெபமா?”

“தெரியலங்க. சொல்லுங்க.”

கல்யாணமான நாளாகக் கடவுள் விஷயத்தில் அவள் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு மூட மனம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அன்பின் பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்தேன்.