பதினொரு பிழைக்கும் பதில் எழுதியவன்

போன சனிக்கிழமை எஹலியகொடையில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் என் வீட்டை இழந்துவிட்டு வந்தேன். சூதாடவில்லை. பரீட்சை எழுதினேன்.

வழக்கமாக இந்தப் பத்தியில் ஏதாவது ஊர்வம்பு சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்த வாரம் அதற்கு மனசு வரவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரப்பர் தோட்டத்து ஆபிஸில் பத்தொன்பது வருஷமாகக் கிளார்க். எங்கள் மேல் டிவிஷன் ஆபிஸையும் கீழ் டிவிஷன் ஆபிஸையும் இப்போது ஒன்றாக்குகிறார்கள். செக்ரோல் — யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் போடுகிற பெரிய புத்தகம் — இனிக் கம்பியூட்டருக்குள் போகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க்குக்குக் கம்பியூட்டர் டிப்ளோமா இருக்க வேண்டும். மாத முடிவுக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் நான் ஸ்டோருக்குப் போக வேண்டும். என் நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் வரும்.

ஸ்டோர் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஸ்டோர் ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. குவார்ட்டர்ஸை விட்டால் எங்களுக்கு மிச்சம், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அண்ணன் குடும்பம் ஆறு பேராக இருக்கிற அந்த ஒற்றை அறைக் காம்பராதான். அதற்குள் நானும் மனைவி சரோஜாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் போக வேண்டும். மூத்தவள் அடுத்த வருஷம் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். எங்கே உட்கார்ந்து படிப்பாள்?

ஆகவே நாற்பத்து நான்கு வயதில் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தேன். செக்ரோலைத் தட்டச்சு செய்யத் தெரிந்தால் ஆபிஸுக்குப் போதும். ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் கடைசிப் பாடமான ஜாவா என்ற கம்பியூட்டர் மொழியில் பாஸாக வேண்டும். சிங்களத்தில் விளக்குவார்கள், மெஷின் ஆங்கிலத்தில் பிழை சொல்லும், தமிழில் முழிக்க வேண்டும். அப்படி ஒரு பாடம்.

அதில் 'கிளாஸ்' என்று ஒன்று எழுதணும். பயந்துவிடாதீர்கள். அச்சடித்த வெற்றுப் படிவம் மாதிரி அது. தொழிலாளி என்றால் பெயர் இருக்கும், நம்பர் இருக்கும், வேலை நாள் இருக்கும் என்று ஒருமுறை சொல்லி வைத்துவிட்டால், பிறகு ஆளாளுக்கு நிரப்பிக்கொள்ளலாம். இது எனக்கு உடனே புரிந்தது. பத்தொன்பது வருஷமாக நான் வேறென்ன செய்கிறேன்?

புரிவது வேறு, எழுதுவது வேறு. வீட்டில் கம்பியூட்டர் இல்லை. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் பேனாவால் எழுதி எழுதிப் பழகினேன். சரோஜா கொப்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பாள், நான் ஒப்பிப்பேன். திறக்கிற பிராக்கெட், மூடுகிற பிராக்கெட், வரி முடிந்தால் செமிகோலன்... அவளுக்கே பாதி மனப்பாடம்.

பரீட்சையிலும் அதே கேள்விதான் வந்தது. தொழிலாளிக்கு ஒரு கிளாஸ். சந்தோஷமாகத் தட்டினேன். அரை மணி நேரத்தில் முடித்து, சரி பார்க்கச் சொல்லி மெஷினிடம் கொடுத்தேன்.

பதினொரு பிழை என்றது.

இந்த இடத்தில்தான் நான் யார் என்பது தெரியவந்தது. தோட்டத்து ஆபிஸில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும் — கொழும்பிலிருந்து ஆடிட்காரர்கள் வந்துபோனால் பின்னாலேயே ஒரு கேள்விப் பட்டியல் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு. ஒவ்வொரு நம்பருக்கும் நேராகப் பதில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், நம்மைக் கூப்பிட்டு அனுப்புவார். நான் இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வியைக்கூடப் பதிலில்லாமல் விட்டவன் இல்லை.

ஒரு தாளை எடுத்தேன். பதினொரு பிழையையும் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் செய்தேன். செமிகோலன் எதிர்பார்க்கிறேன் என்று சொன்ன இடத்திலெல்லாம் செமிகோலன் வைத்தேன். 'பப்ளிக்' என்ற சொல்லுக்குக் கீழே குறி போட்டுக் காட்டியது. அந்தச் சொல்லையே தூக்கினேன். ஒவ்வொன்றாக டிக் போட்டேன். பதினொன்றும் முடிந்தது. மறுபடி கொடுத்தேன்.

இருபத்தாறு.

புதுத் தாள் எடுத்தேன். இருபத்தாறையும் எழுத ஆரம்பித்தேன்... எழுதிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

எல்லோரும் எழுந்து போனபிறகு வகுப்பு நடத்தும் நிலூக்கா மிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மூத்த மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். நான் முதலில் அடித்ததைத் திரையில் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார்.

"அனே அங்கிள்..." என்றார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "இதுல ஒரு பிழைதானே இருக்கு. இங்க மூடுற பிராக்கெட் ஒன்னு விட்டிருக்கீங்க. மிச்சம் பத்தும் பிழையே இல்ல. இது மூடாததால மெஷின் தடுமாறிச் சொன்னது. முதலாவதை மட்டும் திருத்திட்டு மறுபடி கொடுத்திருந்தா எல்லாம் போயிருக்கும்."

"அப்ப நான் திருத்தினது?"

"அதெல்லாம் சரியா இருந்த வரிகள் அங்கிள்."

அந்த ஒரு பிராக்கெட்டைத் தட்டி, மறுபடி மெஷினிடம் கொடுத்தார். பதினொன்றும் காணாமல் போனது. எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். சரியாக இருந்ததையெல்லாம் உட்கார்ந்து, டிக் போட்டு, ஒழுங்காகக் கெடுத்திருக்கிறேன். ஓடாத புரோகிராமுக்குப் புள்ளி கொடுக்க அவருக்கு அனுமதியில்லை. அடுத்த பரீட்சை மூன்று மாதம் கழித்துத்தான்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கேள்வி வந்தால் பதில் சொல்லிப் பழகிய ஜனம் நாங்கள். கேட்பவன் தடுமாறிக் கேட்கிறானா, காரணத்தோடு கேட்கிறானா என்று நின்று பார்க்க எங்களை யார் விட்டார்கள்? கேட்டவுடன் 'எஸ் சார்' என்று பேனாவை எடுத்துவிடுகிறோம்.

இவ்வளவு தெளிவாக யோசித்தேனா? யோசித்தேன். இனிக் கேளுங்கள்.

பாஸாகவில்லை என்று திங்கட்கிழமை ஆபிஸில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை துரையிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு கேள்வி. முதலாவது சான்றிதழைப் பற்றி. மிச்சம் ஐந்தும், குவார்ட்டர்ஸை என்றைக்கு ஒப்படைப்பீர், சாவி எத்தனை, தோட்டத்துக்குச் சொந்தமான கட்டில் மேசை எத்தனை... இப்படி. மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஆறுக்கும் நம்பர் போட்டுப் பதில் எழுதி, பெரிய கிளார்க் ராசையாவிடம் கொடுத்துவிட்டு, நகலோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன்.

சரோஜா நகலை வாங்கி வாசித்தாள். அவள் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இந்த மொத கேள்வி என்னா கேக்குது?"

"சான்றிதழ் எடுக்க அவகாசம் வேணுமான்னு."

"இல்லேன்னு எழுதியிருக்கீங்க?"

"அவகாசம் கேட்டு எழுதக் கூடாது சரோஜா. கேட்டா அதையே புடிச்சிக்கிட்டு அடுத்த கேள்வி வரும். இல்லேன்னு போட்டாத்தான் அந்த நம்பரு முடியும்."

அவள் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த பரீட்ச மூனு மாசத்துலன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"தொரையே வாயத் தொறந்து வேணுமான்னு கேட்டிருக்காரு. நீங்க வேணாம்னு கையெழுத்து வச்சிக் குடுத்திருக்கீங்க."

தட்டைத் தள்ளி வைத்தேன். கை கழுவாமல்கூட ஆபிஸுக்கு ஓடினேன். முதல் கேள்வி... அந்த ஒன்றை மட்டும் திருத்தியிருந்தால் மிச்சம் ஐந்துக்கும் வேலையே இல்லை.

ராசையா கதவடியிலேயே நின்றார். என் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு, என் பதில் எப்படி என்று கேட்கத்தான் ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. தோளில் தட்டினார்.

"ஒங்க பதிலு அப்பவே கொழும்புக்கு ஃபேக்ஸ்ல போயிருச்சு தம்பி. புதுக் கிளார்க்க நாளைக்கே அனுப்புறதா அங்கயிருந்து சொல்லிட்டாங்க. தொரை படிச்சிட்டு ஒங்களப் பத்திப் பெருமையாச் சொன்னாரு. இந்த ஆபிசுல ஒரு பிழைகூட இல்லாம வந்த பதிலு இதுதானாம்."

கடைசியில் ஒன்றில் பாஸாகிவிட்டேன்.